ஹார்பெத் ஒலி, நெய்ம் ஒலி என்பதெல்லாம் உண்மையா?

சிங்கப்பூர் செங்காங்கில் புதிதாக நாலறை வீட்டுக்குக் குடிபோன ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ஹார்பெத் ஸ்பீக்கர் என்றால் குரல் இதமாக இருக்கும், நெய்ம் ஆம்ப்ளிஃபையர் என்றால் தாளம் துள்ளும், மராண்ட்ஸ் என்றால் இனிப்பு, யமஹா என்றால் கூர்மை என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒவ்வொரு பிராண்டுக்கும் நிஜமாகவே தனி ஒலி உண்டா, இல்லை விற்பவர்கள் கட்டிவிட்ட கதையா? நான் கேட்பது கர்நாடகக் கச்சேரியும் பழைய சினிமாப் பாட்டும். ஸ்பீக்கருக்கு மூவாயிரம் வெள்ளி வரை ஒதுக்கியிருக்கிறேன்.”

ஸ்பீக்கரில் உண்டு. ஆம்ப்ளிஃபையரில் முக்கால்வாசி கதை, கால்வாசி நிஜம். ஆனால் இந்த இரண்டையும் உங்கள் வீட்டு ஹால் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நான் கடை வைத்திருப்பவன் இல்லை, கல்யாண மண்டபத்துக்கும் கோயில் விழாவுக்கும் மைக் கட்டிப் பழகியவன், வீட்டில் பழைய ஸ்பீக்கர்களைப் பிரித்து மாட்டுவது பொழுதுபோக்கு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஹார்பெத்தை வைத்தே தொடங்கலாம். ஒரு பிராண்டின் ஒலி எங்கே பிறக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஹார்பெத் என்ற பிரிட்டிஷ் ஸ்பீக்கர் நிறுவனத்தை ஆரம்பித்தவர் டட்லி ஹார்வுட். பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவில் நெடுங்காலம் ஸ்பீக்கர்களோடு மல்லுக்கட்டிய பொறியாளர். 1977இல் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். தன் பெயரில் பாதி, மனைவி எலிசபெத்தின் பெயரில் பாதி, ஒட்டினால் ஹார்பெத். அதே பிரிவில் வேலை பார்த்த ஸ்பென்சர் ஹியூஸ் அவருக்கு முன்பே வெளியே வந்து ஸ்பெண்டார் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அவர் மனைவி பெயர் டொரத்தி, கணக்குச் சரியாக வருகிறதா? பெயர் வைப்பதிலேயே இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். ஸ்பீக்கரிலும் அப்படித்தான்.

பிபிசிக்கு எதற்கு ஸ்பீக்கர் ஆராய்ச்சி என்று கேட்கலாம். ஒலிபரப்பு நிலையத்தில் அறிவிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவார், பொறியாளர் இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் கேட்பார். எழுந்து கதவைத் திறந்து நாலு எட்டு வைத்தால் அதே ஆள் நேரில் பேசுவது காதில் விழும். ஸ்பீக்கர் பொய் சொன்னால் அங்கேயே குட்டு உடைந்துவிடும். இசையில் இந்த வசதி கிடையாது. 1960களில் பதிவான ஒரு கச்சேரியில் அன்றைக்கு வயலின் எப்படி ஒலித்தது என்று நம்மில் யாருக்குத் தெரியும்? மனிதக் குரல் அப்படியில்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய ஒலி. கூடப் பணியாற்றுகிறவர்களையே பேசவைத்து, நேரில் ஒருமுறை, ஸ்பீக்கரில் ஒருமுறை என்று மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் பிபிசிக்காரர்கள் தங்கள் மானிட்டர்களை, அதாவது ஒலியைச் சரிபார்க்கும் ஸ்பீக்கர்களை, சீர்செய்தார்கள்.

ஹார்பெத்தில் குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்வதற்குக் காரணம் இந்தப் பரம்பரைதான். குரலை உரைகல்லாக வைத்து உருவான ஸ்பீக்கர்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதலில் கூம்பு, முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் பாகம். பழைய காலத்தில் ஸ்பீக்கர் கூம்பு காகிதக் கூழில் செய்வார்கள். காகிதம் நல்ல பொருள்தான், ஆனால் ஒரு தொகுதி போல அடுத்த தொகுதி வராது, ஈரப்பதத்துக்கு ஏற்ப மாறும். ஒரே மாதிரி நூறு ஸ்பீக்கர் தேவைப்படும் நிறுவனத்துக்கு இது தலைவலி. அதனால் 1960களில் பிபிசி பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறியது. அது தானாகவே கொஞ்சம் கணகணக்கும், அடக்குவதற்கு மேலே பசைபோல ஒரு பூச்சைக் கையால் தடவ வேண்டும். தடவினால் எடை கூடும், எடை கூடினால் சத்தம் குறையும். அடுத்து ஹார்வுட் பாலிப்ரொப்பிலீனுக்குப் போனார். அதுவும் பிளாஸ்டிக்தான், ஆனால் இயற்கையிலேயே அதிர்வை உறிஞ்சும், பூச்சு வேண்டாம். அந்தக் கூம்போடுதான் ஹார்பெத் பிறந்தது. 1980களில் நிறுவனத்தை வாங்கிய ஆலன் ஷா அதற்கும் அடுத்த படியாக, 1990களில், ரேடியல் என்று பெயரிட்டுத் தங்களுக்கென்றே ஒரு கலவையை உருவாக்கினார். இன்றைக்கும் ஹார்பெத்தின் பெரிய, சிறிய மாடல்கள் எல்லாம் ஒரே குடும்பச் சாயலில் பேசுகின்றன என்றால் அதில் இந்தக் கூம்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்தது பெட்டி, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆடியோ கடைகள் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்தில் ஏதாவது கடைக்குப் போனால், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, ஸ்பீக்கரின் பக்கவாட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். இன்றைய பெரும்பாலான விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் ‘டிக்’ என்று கல் போலச் சொல்லும். ஹார்பெத் ‘தொம்’ என்று சொல்லும், அட்டைப் பெட்டியைத் தட்டுவது போல. இவ்வளவு விலை கொடுத்து இப்படியா என்று முதல்முறை தட்டுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள்.

அது வேண்டுமென்றே செய்தது. தடித்த, விறைப்பான பலகை அதிராமல் இருப்பதில்லை, அதிரும் இடம்தான் மேலே போகிறது. மேலே என்றால் குரல் இருக்கும் பகுதி, காது கூர்மையாக இருக்கும் பகுதி. அங்கே ஒரு சின்ன ரீங்காரம் ஒட்டிக்கொண்டாலும் பாடகர் மூக்கடைத்துப் பாடுவது போலக் கேட்கும். பிபிசிக்காரர்கள் மெல்லிய பிர்ச் பிளைவுட்டை எடுத்து, உள்பக்கம் தார்ப்பட்டையை ஒட்டினார்கள். பலகையின் அதிர்வு கீழே இறங்கிவிடும், தார் அதைச் சீக்கிரம் அடக்கியும்விடும். மிருதங்கம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கச்சேரிக்கு முன் வித்வான் தொப்பி என்ற இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புவார் அல்லவா? எடை ஏறினால் சுருதி இறங்கும், கார்வை மாறும். அதே சங்கதிதான், அங்கே ரவை, இங்கே தார். பெட்டியின் முன்பலகையையும் பின்பலகையையும்கூட ஒட்டாமல் திருகாணியால்தான் பூட்டுவார்கள். இதையெல்லாம் அளந்து பார்த்து ஹார்வுட்டும் சக ஆய்வாளரும் 1977இல் பிபிசி ஆய்வறிக்கையாகவே எழுதிவைத்தார்கள்.

ஆக ‘இதமான ஒலி’ என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதன் பின்னால் ஒரு கூம்பு, ஒரு பலகை, கொஞ்சம் தார் இருக்கின்றன. அதோடு ஒரு மனிதரின் முடிவும் இருக்கிறது. காதுக்கு 3 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு மூவாயிரம் அதிர்வு, அந்தச் சுற்றுவட்டாரம்தான் ரொம்பக் கூச்சமான இடம். வடிவமைப்பவர் அங்கே சத்தத்தை ஒரு டெசிபெல் அளவு தூக்கினால் பாடகர் இரண்டு வரிசை முன்னால் வந்துவிடுவார், ஒரு டெசிபெல் தாழ்த்தினால் பின்னால் போவார். முதலாவதைக் கடையில் கேட்டால் ‘ஆகா, என்ன தெளிவு’ என்போம், மூன்றாவது மணி நேரம் வீட்டில் தலைவலிக்கும். பிபிசி வழி வந்தவர்கள் பெரும்பாலும் பின்வரிசைப் பக்கம் சாய்ந்தவர்கள். நாள் முழுக்கக் கேட்டு வேலை செய்ய வேண்டிய பொறியாளருக்காகச் செய்தது, அப்படித்தானே இருக்கும்.

இந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற பிள்ளை எல்எஸ்3/5ஏ. 1970களில், வெளி ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காக பிபிசியே வடிவமைத்த குட்டி ஸ்பீக்கர். உயரம் ஓரடி, உள்ளே காற்று ஏறக்குறைய 5 லிட்டர். கெஃப் நிறுவனத்தின் பி110, டி27 என்ற இரண்டு டிரைவர்கள், அதாவது ஒலி எழுப்பும் பாகங்கள்; முன்னது கீழ்ச்சுருதிக்கு, பின்னது மேல்சுருதிக்கு. உரிமம் வாங்கி ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார், ஹார்பெத், கெஃப் என்று பலர் செய்தார்கள். அத்தனை சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ், அதாவது கீழ்ச்சுருதி, வராது. அதனால் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் புடைப்பாக விட்டார்கள், காது ‘பேஸ் இருக்கிறது’ என்று ஏமாந்துபோகும். டி27ஐச் சுற்றி நாலு பக்கமும் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும், பெட்டி விளிம்பில் பட்டு ஒலி சிதறாமல் இருக்க. இந்தப் பெட்டியில் ஒரு பாட்டியின் குரலைக் கேட்டுப் பாருங்கள், கூடத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். அதே பெட்டியில் தவில் கேட்டால் பொம்மைத் தவில். ஹார்பெத்தின் இன்றைய பி3இஎஸ்ஆர் இந்தக் குட்டியின் நேர் வாரிசு.

பிபிசி செய்த பரிசோதனையை வீட்டிலேயே செய்யலாம், நான் செய்தேன். சில வருடங்களுக்கு முன் அம்மாவின் பேச்சை ஒரு நல்ல மைக்கில் பதிந்தேன். “தண்ணி கொஞ்சம் கொண்டாம்மா, மாத்திரை போடணும்” என்று சாதாரணமாகச் சொல்வதுதான். அம்மா கீழே வெற்றுத்தளத்துக்கு நடக்கப் போயிருந்த நேரம், ஹாலில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர். முதல் ஜோடியில் ஓடவிட்டேன். அடுப்படியில் இருந்த மனைவி, “ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க” என்றார். இரண்டாவது ஜோடி ஒரு பழைய எல்எஸ்3/5ஏ, அதே சத்தத்தில் வைத்தேன். “இந்தா வர்றேன் அத்தை” என்று குவளையோடு வந்து நின்றார். ஹாலில் என்னைத் தவிர யாரும் இல்லை. அன்றைக்கு நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

அடுத்த அறையிலிருந்து கேட்டது தற்செயல் என்றாலும் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு நேரே உட்கார்ந்தால் நேராக வரும் ஒலிதான் முதலில் காதில் விழும். அடுப்படிக்குப் போய்ச் சேருவது ஸ்பீக்கர் நாலா பக்கமும் இறைத்து, சுவரில் பட்டுத் திரும்பிய ஒலி. அதுவும் இயல்பாக இருந்தால்தான் குரல் குரலாகக் கேட்கும். கடையில் கேட்கும்போது ஒரு பாட்டையாவது எழுந்து வாசல் பக்கம் போய் நின்று கேளுங்கள்.

பிராண்டு முழுவதுக்கும் ஒரே ஒலி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஹார்பெத் சின்ன நிறுவனம், ஒரே வழியில் வந்தது, அதனால் ஒரே குரல். யமஹாவை எடுத்தால் 1974இல் கூம்புக்குப் பதில் பெரிலியம் உலோகத்தில் குவிந்த டோம் போட்ட என்எஸ்-1000எம் வந்தது, வீட்டு ஸ்பீக்கர்களிலேயே மிக நுணுக்கமானவற்றில் ஒன்று என்று பெயரெடுத்தது. நாலு வருடம் கழித்து வெள்ளைக் கூம்போடு வந்த என்எஸ்-10எம் வீட்டில் எடுபடவில்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கூடங்கள் அதைத் தத்தெடுத்துக்கொண்டன, காரணம் அதன் கூர்மை பதிவின் குறைகளைப் போட்டு உடைத்துக் காட்டியது. கூச்சத்தைக் குறைக்க, மேல்சுருதி எழுப்பும் ட்வீட்டர் மேல் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டிக்கொண்டார்கள் என்றால் பாருங்கள். இரண்டும் யமஹாதான். ‘யமஹா என்றால் கூர்மை’ என்று உங்களிடம் சொன்னவர் எந்த யமஹாவைக் கேட்டாரோ.

சரி, ஆம்ப்ளிஃபையருக்கு வருவோம். இங்கேதான் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

1985இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஸ்டீரியோஃபைல் என்ற ஆடியோ பத்திரிகைக்காரர்களிடம் ஒரு பந்தயம் வைத்தார். நீங்கள் விரும்பும் எவ்வளவு விலையுள்ள ஆம்ப்ளிஃபையரையும் காட்டுங்கள், என்னுடைய மலிவு விலை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை அதே மாதிரி ஒலிக்கவைக்கிறேன் என்றார். அவர்கள் விலையுயர்ந்த வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொடுத்தார்கள். மனிதர் ஓர் ஓட்டல் அறையில் சாலிடரிங் கம்பியோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களின் வெளியீட்டையும் எதிரெதிராக இணைத்து, ஒன்றை ஒன்று கழித்து, மிச்சம் இருக்கும் ஒலி ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும்வரை தன்னுடையதைத் திருத்திக்கொண்டே போனார். கடைசியில் பத்திரிகைக்காரர்களால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆம்ப்ளிஃபையருக்குத் தனி ஒலி உண்டு என்பவர்கள், இல்லை என்பவர்கள், இந்தக் கதையை இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்குத் தெரிவது இதுதான்: தொடக்கத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இருந்தது, அதனால்தான் திருத்த வேண்டியிருந்தது. அந்த வேறுபாடு அளந்து பிடிக்கக்கூடிய சாதாரண சமாச்சாரம், விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு எங்கே இருக்கிறது என்றால், ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்தடையில். ஸ்பீக்கரில் அதன் மின்தடை 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது எல்லாச் சுருதியிலும் 8 ஓம் இல்லை. ஓரிடத்தில் 6 ஆக இறங்கும், இன்னோரிடத்தில் 30க்கு ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் தடை ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும், அதற்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டே இல்லை. வால்வில் அது 2 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். 6 ஓம் இடத்தில் கால்வாசி மின்னழுத்தம் உள்ளேயே கரைந்துபோகும், 30 ஓம் இடத்தில் கொஞ்சம்தான் கரையும். கணக்குப் போட்டால் இரண்டு இடங்களுக்கும் ஏறக்குறைய 2 டெசிபெல் வித்தியாசம் வரும். அது நன்றாகவே கேட்கும். வால்வின் ‘கதகதப்பு’ என்று கவிதை பாடுகிறோமே, அதில் கணிசமான பங்கு இந்தக் கூட்டல் கழித்தல்தான். அதே வால்வை வேறொரு ஸ்பீக்கரில் மாட்டினால் கதகதப்பும் வேறு மாதிரி வரும். ஆக அதை வால்வின் தனிக்குணம் என்று சொல்வதைவிட இரண்டின் ஜோடிப் பொருத்தம் என்பதே சரி.

நெய்ம் விஷயத்திலும் இப்படி ஒரு பொருத்தம் உண்டு. சாலிஸ்பரியில் ஜூலியன் வெரக்கர் தொடங்கிய நிறுவனம். பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்களில் வெளியீட்டில் ஒரு சின்னக் கம்பிச்சுருள் இருக்கும், ஆம்ப்ளிஃபையர் நிலைகுலையாமல் காப்பதற்கு. நெய்ம் அதைப் போடாமல், அந்த வேலையை ஸ்பீக்கர் கேபிளிடம் விட்டுவிட்டது. அதனால்தான் தங்கள் கேபிளையே போடுங்கள், மூன்றரை மீட்டருக்குக் குறைக்காதீர்கள் என்று சொல்வார்கள். வியாபாரத் தந்திரம் போலத் தெரியும், ஆனால் பொறியியல் காரணம் உள்ளது. அதிலிருந்து ‘தாளம் துள்ளும்’ என்பது எப்படி வந்தது என்று கேட்டால், துள்ளலை நான் கேட்டதில்லை. கேட்டவர்களைப் பொய்யர் என்று சொல்லவும் மாட்டேன். மராண்ட்ஸில் கென் இஷிவாட்டா பல ஆண்டுகள் காதால் கேட்டுக் கேட்டே பாகங்களை மாற்றினார் என்பது ஊரறிந்தது. அதில் எவ்வளவு உங்கள் சோபா வரை வந்து சேரும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஹார்பெத்தின் ஆலன் ஷாவே, ஒழுங்காகச் செய்த ஆம்ப்ளிஃபையர்கள் தங்கள் சக்திக்குள் ஓடும்போது, சத்தத்தைச் சமப்படுத்திக் கேட்டால், பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒன்றாகவே ஒலிக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லிவருபவர்.

சத்தத்தைச் சமப்படுத்துவது என்றேன், அதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு டெசிபெல் கூடினால் ‘சத்தம் கூடிவிட்டது’ என்று காது சொல்லாது, ‘இது தெளிவாக இருக்கிறது, உயிரோடு இருக்கிறது’ என்று சொல்லும். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் நான் இப்படித்தான் ஏமாந்தேன். இரண்டு ஆம்ப்ளிஃபையர், ஒரே ஸ்பீக்கர், விலை கூடியது வெளிப்படையாகவே ஜெயித்தது. வாங்கி வந்து, வீட்டில் இருந்த பழையதையும் புதியதையும், மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துச் சமப்படுத்திக் கேட்டேன். மகனை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிவிட்டு நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இருபது தடவையில் பாதிக்குப் பாதிதான் சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும்.

கண் செய்யும் வேலையும் சாமானியமானதில்லை. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஊழியர்களையே உட்காரவைத்து ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள், ஒருமுறை திரை போட்டு, ஒருமுறை திரை இல்லாமல். திரை விலகியதும் பெரிய, அழகான பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது, சின்னதும் மலிவானதும் இறங்கியது. 1994இல் வெளியிட்டார்கள். அதே டூலின் ஆய்வுகள், திரைக்குப் பின்னால் கேட்டாலும் ஸ்பீக்கர்களுக்கு இடையே வேறுபாடு தெளிவாகக் கேட்கிறது என்றும் காட்டின. நான் முதலில் ஸ்பீக்கரில் உண்டு என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு கூத்து. ஈசூனில் ஒரு நண்பர் புது ஆம்ப்ளிஃபையர் வாங்கி, “இந்த பிராண்டே இப்படித்தானாம், பேஸ் சுத்தமாக இல்லை, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை” என்று புலம்பினார். போய்ப் பார்த்தேன். வலது ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறி மாட்டியிருந்தது. ஒரு கூம்பு முன்னால் போகும்போது மற்றது பின்னால் போகிறது, பேஸ் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மாற்றி மாட்டினேன், பிராண்டின் குணமும் மாறிவிட்டது. கோப்பிக்கடையில் ஒரு கோப்பியோடு விவகாரம் முடிந்தது.

இப்போது உங்கள் வீடு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கூரை உயரம் சுமார் 2.6 மீட்டர். ஹாலின் அகலம் மூன்றரை மீட்டருக்குப் பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுவருக்கு நடுவே பேஸ் அலை சரியாகப் பொருந்தி நிற்கும் இடங்கள் உண்டு. ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர், அதை அகலத்தின் இருமடங்கால் வகுத்தால் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ், கூரைக்குப் போட்டால் 66. அந்தச் சுருதிகள் வரும்போது கான்கிரீட் பெட்டிக்குள் இருப்பது போலக் கும்மென்று நிற்கும். எந்த பிராண்டாக இருந்தாலும் இது வரும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் இரட்டிப்பாக வரும், ஏனென்றால் அலையின் அழுத்தம் சுவரோரத்தில்தான் அதிகம். இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுப் பாருங்கள். காசில்லாமல் இவ்வளவு மாற்றம் வேறெதிலும் கிடைக்காது. மனைவியிடம் அனுமதி வாங்குவது உங்கள் பாடு.

மேல்சுருதியில் வேறு தொல்லை. தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் வெறும் வெள்ளை. நடு ஹாலில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள், ‘டிர்ர்’ என்று ஒரு வால் கேட்டால் அது சுவருக்கும் சுவருக்கும் ஒலி பந்தடிப்பது. இந்த ஹாலில் எந்த ஸ்பீக்கரும் கூர்மையாகத்தான் ஒலிக்கும். தம்புராவின் ரீங்காரம் இரைச்சலாகிவிடும். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான விரிப்பு ஒன்று, ஜன்னலுக்குத் தடித்த திரை, ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரி. அவ்வளவு போதும்.

குறைந்த சத்தத்தில் கேட்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு என்று எல்லாப் பக்கமும் மனிதர்கள், குழந்தை தூங்கிய பிறகுதான் நமக்குக் கச்சேரி. சத்தத்தைக் குறைத்தால் காதுக்கு முதலில் காணாமல் போவது பேஸ், இதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் குறைந்த சத்தத்தில் கேட்கிறவருக்கு நடுச்சுருதியும் அதற்குச் சற்றுக் கீழேயும் செழிப்பாக இருக்கும் ஸ்பீக்கர் ஒத்துவரும். ஹார்பெத், ஸ்பெண்டார் வகையறா நம் ஊர் அடுக்குமாடிக்குப் பொருந்துவது இதனால்தான் என்பது என் எண்ணம். பழைய சினிமாப் பாட்டுக்கும் அப்படியே. அந்தப் பதிவுகளில் எல்லாம் நடுவில்தான் இருக்கிறது, மேலே இருப்பதில் பாதி டேப் இரைச்சல். கூர்மையான ஸ்பீக்கர் அந்த இரைச்சலைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்கும்.

சக்தி பற்றிக் கவலை வேண்டாம். இந்தக் குட்டி ஸ்பீக்கர்கள் 1 வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், 83 டெசிபெல் பக்கம்தான் கொடுக்கும், சோம்பேறிகள். ஆனாலும் இரவு நேரக் கச்சேரிக்குப் பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் கீழேதான் ஓடும். மிருதங்கத்தில் ஓங்கி ஒரு தட்டு விழும்போது 20 டெசிபெல் எகிறினால் நூறு மடங்கு கேட்கும், கால் வாட் இருபத்தைந்து வாட்டாகிவிடும். ஆக 50 வாட் உள்ள எந்த நாணயமான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரும் போதும். பிராண்டு பெயரைப் பார்க்காமல், உங்களுக்குப் பிடித்த ரிமோட்டும் தேவையான இணைப்புகளும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பீக்கரைப் பழையதாக வாங்கலாம். பழைய பொருள் விற்கும் கரூசெல் இணையத்தளத்தில் இந்த வகை அடிக்கடி வரும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஒன்றை மட்டும் பாருங்கள்: கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, ஃபோமா? ஃபோம் வளையம் இங்கே வருடங்கள் போகப் போக நமத்து, தொட்டால் அப்பளமாக உதிரும். ஹார்பெத்தில் ரப்பர், அது தாங்கும். ஒரு விரலால் மிக மெதுவாகக் கூம்பை உள்ளே அழுத்துங்கள், உரசாமல் போய் வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஜோடியாகப் பிறந்தவையா என்று பின்பக்கத் தொடர் எண்ணைச் சரிபாருங்கள். டிவி அலமாரிக்குள் நுழைத்துவிடாதீர்கள், மெல்லிய பெட்டிக்கு மூச்சு வேண்டும், நுழைத்தால் அந்த 100 ஹெர்ட்ஸ் புடைப்பு தொப்பையாகிவிடும். ஸ்டாண்டில் வைத்து, பின்சுவரிலிருந்து இரண்டடியாவது விடுங்கள்.

அடெல்ஃபிக்குப் போகும்போது நீங்களே பதிந்த வீட்டுக்குரல் ஒன்றை எடுத்துப்போங்கள், கூடவே நன்றாகத் தெரிந்த ஒரு கச்சேரிப் பதிவு. கடைக்காரர் போடும் ஜாஸ் பெண்குரல் எல்லா ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். முடிந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் கேட்கத் தருவார்களா என்று விசாரியுங்கள், சிலர் தருவார்கள்.

அப்புறம், வீட்டில் வைத்துக் கேட்கும்போது ஏதோ ஒரு சுருதியில் மட்டும் ‘ஸ்ர்ர்’ என்று ஓர் ஒலி கூடவே வந்தால் உடனே ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஜன்னல் கிரில்லையும், பாம்ப் ஷெல்டரின் இரும்புக் கதவையும் கையால் பிடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் கதவில் தொங்கவிட்டிருந்த சாவிக்கொத்துதான் ஆறு மாதம் என்னை ஏய்த்தது.